கந்தோர் திறந்துதான் இருந்தது

முதல் நன்மை வாங்குகிற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வெள்ளை ஃப்றொக் தைப்பதில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் மெற்றில்டாவை மிஞ்ச ஆளில்லை. கோபப்படுவதிலும் அப்படித்தான். தைக்கும்போது வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் ஊசியைத் துப்பிவிட்டு ஏசுவாள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஊசியோடே ஏசுவாள். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒழுங்கையில் அவளிடம் ஏச்சு வாங்காதவர்கள் என்று பார்த்தால் கைக்குழந்தைகள்தான் மிஞ்சும். தண்ணீர் மீற்றர் பார்க்க வருகிறவனுக்கும் கிடைத்திருக்கிறது, கோயில் பாட்டுக்குழுவை நடத்துகிற ஐறீன் மிஸ்ஸுக்கும் கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒன்று. ஃப்றொக் சொன்ன நாளில் கிடைக்கும். கரண்ட் போனால் என்ன, காய்ச்சலில் கிடந்தால் என்ன, கிடைக்கும். முதல் நன்மைக்கு அடுத்த நாள் கொடுக்கிற ஃப்றொக்கை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மேசை துடைக்கவா? இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் தையல் பழகிய எல்லாப் பெட்டைகளிடமும் கேட்டிருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதுக்குள் ஒரு நாளையும் அவள் பிந்தவிட்டதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து, ‘நீங்கள் நாள் பிந்திவிட்டீர்கள்’ என்று ஒரு அரசாங்கக் கந்தோர் எழுதியது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கதை டெரிக்கின் பெருவிரலில் தொடங்குகிறது. டெரிக் அவளுடைய புருஷன். பேலியகொடை மீன் சந்தையில் மீன் வெட்டுகிறவன். அவனுக்குக் கோபம் என்று ஒன்று வந்ததை யாரும் கண்டதில்லை. வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் இவளே பார்த்துக்கொள்வதால் அவனுக்குத் தேவைப்படவில்லை போலும். கெலவல்லா மீன் பெரியது, வழுவழு என்று மேசையில் நில்லாது. ஒரு நாள் விடியற்காலை மீன் திரும்ப, கத்தியும் திரும்ப, இடது பெருவிரலின் நுனி போய்விட்டது. அந்தச் சந்தையில் முழு விரலோடு இருக்கிற வெட்டுக்காரன் குறைவு. மற்றவர்கள் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு அடுத்த மீனை எடுப்பார்கள். டெரிக் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு சாமான் செய்தான்.

பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் லீவர், பைசிக்கிள் பிரேக் கம்பி, தேய்ந்த ரப்பர் செருப்பின் அடி. இவ்வளவும்தான். மேசையின் ஓரத்தில் பூட்டிவிட்டு முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினால் மீனின் வாலை அது கவ்விக்கொள்ளும். பிறகு ஆனை வந்து இழுத்தாலும் விடாது. இரண்டு கையும் வெட்டுக்கு. சந்தையில் அதை ‘டெரிக் கிளிப்’ என்றார்கள். அவனும் கேட்டவனுக்கெல்லாம் செய்து கொடுத்தான், ஒரு பிளேன்ரீயும் ஒரு சிரிப்பும் கிடைத்தால் போதும் அவனுக்கு.

இந்த இடத்தில்தான் பாலசுந்தரம் வருகிறார். வெள்ளவத்தையில் கடை. ஹோட்டல் குசினிகளுக்கு ஸ்டீல் மேசை, ஸ்டீல் தொட்டி விற்கிறவர். ஞாயிறு காலையில் நல்ல மீன் தேடிப் பேலியகொடைக்கு வருவார். வந்தவர் கிளிப்பைக் கண்டார். “டெரிக், நீங்க சும்மா ஆள் இல்ல, ஒரு சயன்டிஸ்ட்!” என்றார். டெரிக்குக்குப் பூரிப்பு. கழற்றிக் காட்டினான், பூட்டிக் காட்டினான். பாலசுந்தரம் ஃபோனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, மீனையும் வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்தில் த்ரீவீலை வைத்துக்கொண்டு சவாரிக்கு நின்ற றிகாஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பனித்தெருப் பொடியன், மெற்றில்டாவின் ஃப்றொக்குகளைக் கடைகளுக்கு ஏற்றி இறக்குகிறவனும் அவன்தான். அன்று பின்னேரம் வீட்டு வாசலில் நின்று சொன்னான்: “அன்ட்டி, அந்த மனிசன் படம் எடுத்த எடுப்பு சரியில்ல. அங்கிள்ட சாமான அங்கிள்ட பேர்ல பதிஞ்சு வைங்க. பேற்றன்ற் எண்டு சொல்றது. ரெண்டு பேர் கேட்டா மொதல்ல போய்க் கேட்டவனுக்குத்தான் குடுப்பாங்களாம்.”

டெரிக் சிரித்தான். மெற்றில்டா சிரிக்கவில்லை. ஊசிகளைப் பெட்டியில் போட்டாள். அது அவள் உண்மையிலேயே பயந்துபோனதற்கு அடையாளம்.

கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு லோயரைப் பிடித்து, படம் கீற ஒருவரைப் பிடித்து, விண்ணப்பம் தயாராகி வந்தது ஒரு வியாழக்கிழமை. கொரோனா வந்த வருஷம், ஒக்டோபர், செபமாலை மாதம். மார்ச்சில் நாடு முழுவதையும் பூட்டி, பிறகு திறந்து, எல்லாம் முடிந்தது என்று சனம் நம்பிக்கொண்டிருந்த நேரம். மறுநாள் வெள்ளி. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். டெரிக் வெளியே போகிற சேட்டைக்கூடப் போட்டுக்கொண்டு நின்றான்.

“எங்க வெளிக்கிட்டாச்சு?” என்று கேட்டாள் மெற்றில்டா. “செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிட்ட வைக்காம இந்த வீட்டில இருந்து ஒரு கடுதாசி வெளிய போயிருக்கா?”

அது உண்மை. கொச்சிக்கடை அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை நாள். மகள் டில்ஷானியின் பாஸ்போர்ட் ஃபோமும் அவளுடைய கல்யாணப் பதிவும் அந்தோனியார் சுரூபத்தின் கண்ணாடிக் கூட்டில் தொட்டுத்தான் போயின. கூட்டம் கூடக்கூடாது என்று கோயிலுக்குள் விடாவிட்டாலும் கேற்றடியில் நின்றாவது காட்டுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். டெரிக் சேட்டைக் கழற்றினான். இதை இரண்டு தெரு தள்ளியிருக்கிறவர்களிடம் சொன்னால்கூட விளங்கும், கொட்டாஞ்சேனையில் யாரும் இதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள். அதுதான் பிழை.

ஞாயிறுக்குள் பேலியகொடைச் சந்தையில் கொரோனா என்று நியூஸ். சந்தைக்குச் சீல். சந்தையில் வேலை செய்கிறவர்கள் இருக்கிற ஏரியாக்களுக்கும் சீல். கொட்டாஞ்சேனை பூட்டு. சந்திக்குச் சந்தி மஞ்சள் ரிப்பன், பொலிஸ், ஆமி. தபால் கந்தோரும் பூட்டு. வெள்ளவத்தை திறந்திருந்தது. பேற்றன்ற் கொடுக்கிற கந்தோரும் திறந்திருந்தது. அங்கே நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, இங்கே ஒழுங்கைக்குள் மனிதர் ஒருவரையொருவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லோயருக்கு ஃபோன் எடுத்தால், ஈமெயில் சரிவராது, கையெழுத்து வைத்த பேப்பரே கந்தோருக்குப் போகவேணும் என்றார். சரி. செவ்வாய்க்கிழமை விடிந்தது. மெற்றில்டா வெள்ளைச் சாரி உடுத்தாள், மாஸ்க் போட்டாள், என்வலப்பைச் செபமாலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரிப்பன் கட்டிய சந்திக்கு நடந்தாள். கோயில் கோபுரம் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு. அவ்வளவுதான் அன்றைக்கு அந்தோனியாருக்குக் கிடைத்தது. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் றிகாஸ் த்ரீவீலோடு நின்றான். நடுவில் ஒரு பொலிஸ்காரப் பொடியன். மீசைகூட இன்னும் சரியாக வரவில்லை.

“அம்மே, இக்மனட்ட” என்றான். சீக்கிரம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, வட்ஸப்பில் றிகாஸின் வொய்ஸ் வந்தது. “அன்ட்டி, இவனுகள் எடுக்கமாட்டானுகளாம். கேளுங்க, கேளுங்க” என்று அவன் சொல்ல, பின்னால் கந்தோர்க் கேற் செக்கியூரிட்டியின் குரல்: “கொட்டஹேனே ஏவா கன்ன எப்பா கிவ்வா, மல்லி.” கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறதை எடுக்க வேண்டாம் என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம். அதற்குப் பிறகு றிகாஸ் அந்தச் செக்கியூரிட்டியின் பரம்பரையைப் பற்றிச் சொன்னது இங்கே எழுதக்கூடியதல்ல.

உடனே ஃபோன் கோலும் எடுத்தான். “அன்ட்டி, என்வலப்புல அட்ரஸ்தானே பிரச்சின? மேல ஒரு பேப்பர ஒட்டி வெள்ளவத்த எண்டு எழுதிட்டு வாறன். எங்கட மாமாட வீடு ஈக்குது அங்க. உள்ள இருக்கிறத பிறகு மாத்திக்கலாம். ஒரு சொல்லுச் சொல்லுங்க.”

பக்கத்தில் டெரிக் நின்றான். அவன் கண்ணில் ‘சரி எண்டு சொல்லு’ என்று இருந்தது. மெற்றில்டா பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“என்னத்துக்கு? நாங்கள் என்ன கள்ளரா? பிறந்து வளர்ந்த இடத்தை மறைச்சு ஒளிச்சு எழுத எங்களுக்கு என்ன வந்தது? கொட்டாஞ்சேனை எண்டு எழுதினதை எடுக்காட்டி அவங்கட கந்தோரை அவங்களே வச்சுக்கொள்ளட்டும்!”

றிகாஸ் என்வலப்பைக் கொண்டுவந்து ரிப்பனுக்கு மேலால் திருப்பிக் கொடுத்தான். ஒரு மூலையில் செக்கியூரிட்டி அடித்த மருந்துத் தண்ணீர் காய்ந்து மஞ்சளாக இருந்தது. பாம்பைப் போலத் தள்ளி வைத்து அடித்தானாம்.

மறுநாள் பாலசுந்தரத்தின் பார்சல் வந்தது. அரிசி, பருப்பு, டின்மீன், பால்மா. ஏரியாவுக்குள் சாமான் கொண்டுவர அனுமதி எடுத்த லொறியில் அனுப்பியிருந்தார். எவ்வளவு நல்ல மனம்! டெரிக் ஃபோன் எடுத்து உருகினான். “சேர், பெரிய உதவி சேர். ஓம் சேர், சுகம்தான். ஒரேயொரு கவலை, அந்தக் கிளிப்புக்குப் பேற்றன்ற் போட பேப்பர் எல்லாம் ரெடி சேர். நேற்று அனுப்பினனாங்கள், கந்தோரில எடுக்கேல்ல. ஏரியா திறந்த உடன குடுக்கவேணும்.”

மெற்றில்டா குசினியில் அந்தப் பருப்பைத்தான் அவித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பாலசுந்தரம் கந்தோருக்குப் போய்த் தன் பெயரில் விண்ணப்பத்தைக் கொடுத்தார். வெள்ளவத்தை அட்ரஸ். செக்கியூரிட்டி கேற்றைத் திறந்துவிட்டிருப்பான், குட்மோர்னிங்கும் சொல்லியிருப்பான்.

இது தெரியவந்தது ஏரியாவைத் திறந்து, ஓடிப்போய்ப் பேப்பரைக் கொடுத்து, மாதங்கள் கழிந்த பிறகு. அதே சாமானுக்கு ஏற்கெனவே ஒருவர் கேட்டிருக்கிறார், நீங்கள் நாள் பிந்திவிட்டீர்கள் என்று கந்தோர் எழுதியது. யார் என்று பார்த்த அன்றைக்கு மெற்றில்டா பருப்புப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்க் வாசல் சாக்கடைக் கானுக்குள் கவிழ்த்தாள். அது பாலசுந்தரத்தின் பருப்புக்கூட இல்லை, கடையில் வாங்கினது. யாருக்கு வேணும் அந்தக் கணக்கு? பிறகு டெரிக்கைப் பார்த்தாள், ஏசவில்லை. அவன் வெறும் போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். ஒரு வெள்ளிக்கிழமையைச் செவ்வாயாக்கினவள் அவள், ஓர் அட்ரஸை எழுதவிடாதவள் அவள். ஒரு நாளாவது டெரிக் அதைச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை பிடித்து ஆறியிருக்கலாம். அவன் சொல்லவே இல்லை. அந்தக் கொதி உள்ளேயே கிடந்தது.

முறையிட்டாள். நாடு முழுக்கப் பூட்டியிருந்தபோது கந்தோர் பூட்டியிருந்த நாட்களைக் கணக்கில் எடுக்காமல் தவணையை நீட்டினீர்களே, எங்கள் ஏரியா பூட்டியிருந்த நாட்களையும் அப்படி எடுங்கள் என்று. பதில் வந்தது, ஒரே வரி. அந்த நாட்களில் கந்தோர் திறந்துதான் இருந்தது.

“திறந்துதான் இருந்ததாம்! யாருக்கு? யாருக்குத் திறந்திருந்தது?” மெற்றில்டா அந்த வரியை மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தாள். தினமும் ஒரு ஏச்சு அதற்கு.

கொரோனாவால் வரமுடியாமல் போனவர்கள் காரணம் சொல்லி நிவாரணம் கேட்கலாம் என்று பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. கேட்டாள். விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள். அந்த நாள் பெற்றோல் இல்லை என்று தள்ளிப்போனது. அடுத்த நாள் ஊரெல்லாம் ஆர்ப்பாட்டம், உத்தியோகத்தர் வரமுடியவில்லை என்று தள்ளிப்போனது. அதற்கடுத்தது அவர் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போனார் என்று. எல்லாக் கடிதத்திலும் ‘தற்போதைய நிலைமை காரணமாக’ என்று இருந்தது. கந்தோருக்கு வந்தால் நிலைமை, கொட்டாஞ்சேனைக்கு வந்தால் சாட்டு. எப்படியிருக்கு நியாயம்?

இதற்கிடையில் சந்தை திறந்து, பாலசுந்தரத்தின் ஸ்டீல் கிளிப் வந்து இறங்கியது. பளபளவென்று, அவருடைய கடைப் பெயர் அடித்து. முதலாளிமார் மேசைக்கு மேசை பூட்டினார்கள். டெரிக்கின் மேசையிலும் பூட்டினார்கள். ஒவ்வொரு நாளும் விடியற்காலை டெரிக் தன் முழங்காலால் பாலசுந்தரத்தின் பெயரைத் தட்டித்தான் மீன் வெட்டினான். வீட்டுக்கு வந்து, “அவங்கட ஸ்பிரிங் கொஞ்சம் இறுக்கம், நான் செய்ததுபோல வராது” என்று மட்டும் சொல்வான். மெற்றில்டா வாயில் ஊசியோடு மெஷினை மிதிப்பாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

கடைசியில் மூன்றாம் வருஷம் விசாரணை நடந்தது. மெற்றில்டா, டெரிக், சாட்சிக்கு றிகாஸ். கேற்றில் இருந்த கொப்பியில் டெரிக் எல்லாருக்குமாகப் பெயர் பதிந்தான். உள்ளே பாலசுந்தரம் கோட் போட்ட லோயரோடு இருந்தார், டெரிக்கைக் கண்டு தலையாட்டினார். டெரிக்கும் பழக்க தோஷத்தில் தலையாட்டினான். மெற்றில்டா அவன் கையைக் கிள்ளினாள்.

விசாரித்த உத்தியோகத்தர் நல்ல மாதிரித்தான், சிரித்த முகம். சிங்களத்தில் மெதுவாகக் கதைத்தார். “உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது அம்மா. ஆனா கந்தோர் திறந்துதான் இருந்தது. மற்றவை வந்து குடுத்திருக்கினமே.”

மெற்றில்டா பையில் இருந்து ஒரு பழைய ஃபோனை எடுத்தாள். கண்ணாடி வெடித்து, பற்றரி வீங்கி, மகள் கட்டாரில் இருந்து புதுசு அனுப்பியும் வீசாமல் வைத்திருந்த ஃபோன். அன்றைய வொய்ஸை அமத்தினாள். றிகாஸின் குரல், செக்கியூரிட்டியின் குரல். கொட்டஹேனே ஏவா கன்ன எப்பா கிவ்வா, மல்லி. நிறுத்த அவள் விரல் பிந்தியதால் பரம்பரைப் பகுதியும் அறை முழுக்கக் கேட்டது. றிகாஸ் கூரையைப் பார்த்தான். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பெட்டை குனிந்துகொண்டாள்.

உத்தியோகத்தர் ஃபோனை வாங்கி, வொய்ஸ் வந்த திகதியைப் பார்த்தார். பிறகு, ஆறுதல் சொல்லுகிற மாதிரி, ஏதோ பக்கத்து வீட்டு மாமா மாதிரிச் சொன்னார்: “அந்த நேரம் எல்லாருக்கும் பயம் அம்மா. வெள்ளவத்தையோ எங்கயோ சொந்தக்காரர் வீட்டு அட்ரஸ் ஒண்டைப் போட்டிருந்தா இவ்வளவு கரைச்சல் வந்திருக்காதே.”

மெற்றில்டா எழும்பினாள். அன்றைக்கு வாயில் ஊசி இல்லை.

“என்ன சொன்னீங்க?” என்றாள். சிங்களத்தில்தான் தொடங்கினாள், பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள், யாருக்கும் விளங்காமல் போகவில்லை. “இந்தக் கதிரையில இருந்துகொண்டு, சேர், என்னைப் பொய் எழுதச் சொல்லுறீங்களா? பொய் எழுதினா எடுத்திருப்பீங்க, உண்மை எழுதினதால எடுக்கேல்ல. அதை இந்தப் பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். எழுது மகள்! என்ர புருஷன் விரலைக் குடுத்துச் செய்த சாமான். அவர் அந்தக் கிளிப்பில இன்னொருத்தன்ர பேரை முழங்காலால தட்டித் தட்டி ரெண்டு வருஷமா மீன் வெட்டுறார். ஏன் தெரியுமா? நான் பொய் எழுதவிடேல்ல. அந்த மனிசன் ஒரு நாளும் என்னைக் கேட்கேல்ல, ஏனடி எண்டு. இண்டைக்கு நீங்க கேட்கிறீங்க!”

டெரிக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுனி இல்லாத பெருவிரலை மற்றக் கையால் மூடியிருந்தான்.

பாலசுந்தரத்தின் லோயர், “சேர், கேற்றில நடந்தது கந்தோரைக் கட்டுப்படுத்தாது...” என்று தொடங்கினார். உத்தியோகத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். சிரிப்புப் போயிருந்தது. “கேற் கந்தோருடையதுதான்” என்றார். கிளார்க்கிடம் இருந்து ஃபைலை வாங்கித் தானே எழுதினார். விண்ணப்பம் கேற்றுக்கு வந்த செவ்வாய்க்கிழமையே கொடுபட்ட நாளாக எடுக்கப்படும் என்று வாசித்தார். பாலசுந்தரம் எழும்பிப் போனதை மெற்றில்டா திரும்பிப் பார்க்கவில்லை.

“இப்ப சந்தோஷம்தானே அம்மா?” என்று கேட்டார் உத்தியோகத்தர். அவர் நல்ல மாதிரித்தான்.

“தேங்க்யூ சேர்” என்றான் டெரிக். “பெரிய உதவி சேர்.”

“கண்டறியாத தேங்க்யூ!” மெற்றில்டா அவன் தோளில் ஒரு அடி போட்டாள். “எங்கட செவ்வாய்க்கிழமையை எங்களிட்டத் தந்ததுக்குத் தேங்க்யூவா? வாங்க வெளிய!”

கேற்றில் அதே கொப்பி. போகிற நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கவேணுமாம். டெரிக் காலையில் எழுதியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். பெயர் இருந்தது, ஐடி இலக்கம் இருந்தது, அட்ரஸ் என்ற இடத்தில் ‘கொழும்பு’ என்று மட்டும் இருந்தது. அவ்வளவு பெரிய கொழும்பு. அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கே கேட்டாலும் அவன் அப்படித்தான் எழுதுகிறான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அவள் பேனையைப் பிடுங்கினாள். “நேரம் மட்டும் போட்டாக் காணும் அம்மா” என்றான் செக்கியூரிட்டி.

“நேரத்தை நீ எழுது” என்றாள் மெற்றில்டா. “அட்ரஸை நான் எழுதுறன்.”

தன் பெயருக்கு நேரே கொட்டாஞ்சேனை என்று எழுதினாள், அடுத்த ஆளின் வரிக்குள்ளும் போகிற அளவுக்குப் பெரிதாக. பிறகு பேனையை டெரிக்கின் கையில் வைத்து, அவன் பெயருக்கு நேரேயும் எழுத வைத்தாள்.